மானமுள்ள மாப்பிள்ளை

மறுநாள் ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் பெண் பார்க்க வேண்டிய கிரிதர், செல்போனில் அம்மாவிடம் பொரிந்து தள்ளினான்.

“அந்த நிருபமா வேண்டவே வேண்டாம்மா. முதுகில மூட்டையை மாட்டிக்கிட்டு ஐரோப்பா முழுக்கத் தனியா சுத்துறாளாம். டூரிஸ்ட் ஹாஸ்டல்ல, முன்பின் தெரியாத ஆம்பளைங்களோட ஒரே ரூம்ல படுக்கிறாளாம்!”

“ஐயையோ! கை நிறைய சம்பாதிக்கிற பொண்ணு, நல்ல ஹோட்டலா பார்த்துத் தங்கக் கூடாதா?”

“கஞ்சத்தனம்மா! நம்ம மானம் போயிடும். நான் வரலைன்னு அவங்க வீட்டுல சொல்லிடு.”

“சரிடா. நீ எங்கே தங்கியிருக்கே?”

“பெரிய ஹோட்டல்லதாம்மா” என்று சொல்லிப் போனை வைத்தான் கிரிதர்.

அவன் தலைக்கு மேலிருந்த அடுக்குக் கட்டிலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“நான்தாங்க நிருபமா. நீங்க வராததுல எனக்கும் நிம்மதி. தயவுசெஞ்சு அந்தப் பெரிய ஹோட்டலுக்கே போயிடுங்களேன். உங்க சாக்ஸ் நாத்தத்துல இந்த ஹாஸ்டல் ரூம்ல எட்டுப் பேராலயும் மூச்சு விட முடியலை!”