கை தெரியல சார்

"கை தெரியல சார். நிக்கச் சொல்றீங்களா, காது சொறியறீங்களா?"

ரொட்டி வேன்காரன் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டதும், பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். முக்கில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரருக்கு முகம் சுண்டிப் போனது.

இத்தனைக்கும் வேன், வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கமே ஒழுங்காக நின்றிருந்தது. நின்ற பிறகு என்ன நக்கல் வேண்டிக் கிடக்கிறது?

அந்த முக்கில் விளக்குக் கம்பம் கிடையாது. எல்லாமே அவர் கைதான். அதனால் எல்லோரும் அவரை ‘சிக்னல்’ என்றே கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

பைக் சறுக்கி விழுந்ததில் வலது தோளில் அடி. எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலிக்குமே என்று பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்ததில் தோள் இறுகிப் போய்விட்டது. கை மார்புக்கு மேல் வருவேனா என்று அடம்பிடித்தது. இடது கையை வைத்துச் சமாளித்தார். வலப்பக்கத் தெருவில் வருகிற வண்டிகளிடம்தான் வண்டவாளம் வெளியே வந்தது.

இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மாசக் கடைசியில் நேரில் வந்து பார்ப்பாராம். கை முழுசாக மேலே போகவில்லையென்றால் முக்கு வேறு ஆளுக்குப் போய்விடும். சிக்னல் ஸ்டேஷனுக்குள் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதைக் கேட்டதிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிசியோதெரபி மேடம் தங்கமானவர். ஒத்தடம் கொடுப்பார், தோளைப் பிடித்து மெல்ல மெல்ல அசைத்துவிடுவார்.

"நான் இங்க செய்றது கொஞ்சம்தான். மிச்சம் உங்க வீட்டுச் சுவர்லதான் இருக்கு. விரலை வச்சு, ஊர்ந்து ஊர்ந்து மேல ஏத்துங்க. லேசா இழுத்தா பரவாயில்ல, சுருக்குனு குத்தினா நிறுத்திடுங்க. ஆனா ஒரு நாளும் விடக்கூடாது."

விடாமல் செய்தாரா? எங்கே! வீட்டுக்கு வந்தால் சோபாதான், டிவிதான். மேடம் கேட்கும்போது மட்டும், பால் குடிக்கிற குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தவறாம செய்றேன் மேடம்" என்பார். ஊருக்கெல்லாம் விதி சொல்கிற வாய் அது!

வேன்காரன் விடுவதாக இல்லை. தினமும் வந்தான், தினமும் கோட்டில் நின்றான், தினமும் தலையை நீட்டினான். தோள் வரைக்குமாவது வரட்டும் சார் என்றான்.

சிக்னலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி லைட்டு, ஹாரன், பிரேக், டயர் எல்லாவற்றையும் குடைந்து பார்த்தார். ஒரு குறையும் சிக்கவில்லை. அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போனவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர் முன்னால் போய் நின்றார். விரல்கள் ஏற ஆரம்பித்தன.

"சுவரோட என்னங்க சண்டை?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சுவரோட இல்லடி, ரொட்டிக்காரனோட."

அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு நிம்மதி போயிற்று. காலையில் ஏற்றினார், சாயங்காலம் ஏற்றினார். துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். வியர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு வேன்காரனைத் திட்டினார்.

கை தோளுக்கு வந்தது. காதுக்கு எப்ப சார் என்றான் அவன். காதுக்கும் வந்தது. தொப்பிதான் தெரியுது, கை தெரியல என்றான். பிசியோ மேடம்கூட அசந்து போய், "இப்பத்தான் நிஜமாவே செய்றீங்க போல" என்று சிரித்தார். சிக்னல் தரையைப் பார்த்தார்.

மாசக் கடைசி வந்தது. பள்ளிக்கூட நேரம், பஸ்ஸும் லாரியும் நெட்டித் தள்ளுகிற நேரம் பார்த்து, இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். பிள்ளைகள் தெருவைக் கடக்கக் காத்திருந்தார்கள்.

சிக்னல் மூச்சை இழுத்துவிட்டு வலது கையைத் தூக்கினார். தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தொப்பியையும் தாண்டி, உள்ளங்கை விரிந்து நேரே வானத்தைப் பார்த்து நின்றது. பஸ் நின்றது, லாரி நின்றது, சைக்கிள்கூட நின்றது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"முக்கு உன்னோடதுதான்யா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

முதல் வரிசையிலேயே ரொட்டி வேன் நின்றது. இன்றைக்குத் தலையும் வெளியே வரவில்லை, சத்தமும் இல்லை. சிக்னல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் ஜன்னலைத் தட்டினார்.

"என்னப்பா, வாய் எங்க போச்சு? இத்தனை நாளா நடுரோட்டுல என் மானத்தை வாங்கினியே, நான் உனக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

வேன்காரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினான்.

"எனக்கும் அதே மேடம்தான் சார் வைத்தியம் பாக்கறாங்க, இடுப்புக்கு. நீங்க வர்றப்ப திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பேன். அவங்ககிட்ட தவறாம செய்றேன்னு சொன்னீங்க. அவங்க அந்தாண்ட போனதும், போன்ல யார்கிட்டயோ இதெல்லாம் எவன் செய்வான்னு சிரிச்சீங்க. இந்த முக்குல உங்கள விட்டா ஆளில்ல சார். எனக்கு மனசு கேக்கல."

வேன்காரன் சிக்னலின் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"யாரும் பாக்கலன்னா மீறுறவங்கள நிறுத்தறதுதானே சார் உங்க வேலை? உங்களுக்கு அந்த வேலையப் பாக்க ஒரு ஆள் வேணாமா?"