எட்டு ஐந்துக்கு மேஜை

கல்வி அலுவலகத்து அதிகாரி எதிர்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும், நிமிஷக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எதிர்வீடு என்றால் அந்நியர் வீடு இல்லை. கொழுந்தன் வீடுதான். அங்கே இருப்பவள் ஓரகத்தி, சின்னவள். நடுவில் நாலடிச் சந்து. நிமிஷக்கா தன் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே அவர்கள் கூடத்து மேஜை.

தையல் ஆலை வாசலில் உட்கார்ந்து, ஆட்கள் வரும் நேரம் போகும் நேரம் எழுதுவது இவள் வேலை. மதிய ஷிப்ட். ஒரு நிமிஷம் பிந்தினாலும் சிவப்புப் புள்ளி வைத்து வட்டம் போட்டுவிடுவாள். ஆலையில் வைத்த பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

இவள் மகள் விடிந்தும் விடியாமலும் வேனில் ஏறுவாள். அவள் திரும்பும்போது அம்மா ஆலையில். அம்மா திரும்பும்போது அவள் தூக்கத்தில். இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும், "டிபன் பாக்ஸ் எடுத்தியா?" மட்டும்தான்.

சின்னவள் மகளுக்கோ கம்ப்யூட்டரிலேயே பள்ளிக்கூடம். அம்மா தோளில் சாய்ந்துகொண்டு படிப்பு. நடுநடுவே இருவருக்கும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புதான் நிமிஷக்காவுக்குத் தொண்டையில் முள்.

"உனக்கு ஏன் எரியுது?" என்பார் கணவர்.

"எனக்கென்ன எரியுது? நாட்டுல சட்டம்னு ஒண்ணு இல்லையா?"

சட்டத்தைத் தேடியே படித்துவிட்டாள். பதிவு பெறாத ஆன்லைன் பள்ளி, பள்ளிக்கூடமாகவே கணக்கில் வராது. அது வெறும் வீட்டுப்படிப்பு. அதற்குப் பெற்றவர்கள் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வரும். சின்னவளாவது, எழுதிக் கொடுத்திருப்பதாவது!

ஜன்னலோரம் நின்றால் கை சும்மா இருக்குமா? பள்ளி நேரத்தில் அந்தப் பெண் வீட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக, வருஷம் பூராவும் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாள்களை நோட்டிலிருந்து கிழித்தெடுத்து, மேலே 'புகார்' என்று எழுதி, பெயர் போடாமல் தபாலில் சேர்த்தாள்.

இதோ, பலித்துவிட்டது.

சர்க்கரை கேட்கும் சாக்கில் கிண்ணத்தோடு அந்த நாலடிச் சந்தைத் தாண்டினாள்.

"வாங்க பெரியம்மா!" என்றது பெண். நிமிஷக்கா கதவோரம் நின்றுகொண்டாள்.

அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். "முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கீங்க. பாடத்திட்டம் கொடுத்திருக்கீங்க. எல்லாம் சரியா இருக்கும்மா."

நிமிஷக்காவின் முகம் தொங்கிப்போனது.

"ஆனா தினசரிப் பதிவு எங்க? நூத்தியெண்பது நாள் படிச்சதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கணுமே."

சின்னவள் விழித்தாள். "அதை அந்த ஆன்லைன் பள்ளியே பாத்துக்கும்னு இருந்துட்டேன் மேடம். போன மாசம் இழுத்து மூடிட்டாங்க. இப்பத் திறந்தா வெறும் வெள்ளைத் திரைதான் வருது."

"அவங்க பதிவு வேற. சட்டப்படி உங்க கையில ஒண்ணு இருந்தாகணும். இல்லேன்னா இந்த வருஷப் படிப்பு செல்லாது. மறுபடியும் அதே வகுப்பு, பள்ளிக்கூடத்துல."

"அதே வகுப்பாம்மா?" பெண்ணின் பென்சில் நின்றது. அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஒரு வருஷமாக நிமிஷக்கா காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் தொண்டையில் இருந்த முள் போகவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

அதிகாரி பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தார். நிமிஷக்கா கதவுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"பதிவுன்னு பாத்தா இதுதாம்மா இருக்கு. யாரோ பேர் போடாம அனுப்பின புகார். கேளுங்க." வாசித்தார். "எட்டு ஐந்து, மேஜை. ஒன்பது நாற்பது, கணக்கு, அழுகை. ஒன்பது ஐம்பது, சிரிப்பு. பதினொன்று, வாய்விட்டு வாசிப்பு. பதினொன்றரை, மறுபடியும் சிரிப்பு."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிமிர்ந்தார். "இப்படி நூத்தியெண்பத்து மூணு நாள்! இவ்வளவு சுத்தமான பதிவை நான் எந்த வீட்டுலயும் பாத்ததில்ல. தினமும் பாத்த வேற ஒருத்தர் எழுதினாலும் செல்லும். கையெழுத்து இருக்கணும். மொட்டைக் கடுதாசியை வச்சு நான் என்ன பண்ண?"

சின்னவள் தாள்களை வாங்கிப் பார்த்தாள். எட்டு ஐந்து தாண்டிய நாட்களிலெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றி ஒரு வட்டம்.

மெதுவாகத் தலையைத் தூக்கி நிமிஷக்காவைப் பார்த்தாள். போச்சு, மானம் கப்பலேறப்போகிறது.

"இதை எழுதினவங்க இதோ நிக்கிறாங்க மேடம். என் ஓரகத்தி," என்றாள் சின்னவள். "நான்தான் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். சொன்ன நான் மறந்துட்டேன். அக்கா மறக்கல."

"மேல புகார்னு போட்டிருக்கே?"

"அது ஆலைப் பழக்கம் மேடம். அக்கா எதை எழுதினாலும் புகார் மாதிரிதான் எழுதுவாங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். பேனாவை நீட்டினார். தினம் முந்நூறு பேருக்கு நேரம் போடும் கை, ஒரு கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது.

அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

"நான் வந்து..." என்று ஆரம்பித்தாள் நிமிஷக்கா.

சின்னவள் கிண்ணத்தை வாங்கி, விளிம்பு வரை சர்க்கரையை நிரப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த வருஷமும் நீங்களே எழுதுங்கக்கா. ஆனா ஜன்னல்ல நின்னுக்கிட்டு வேண்டாம், கால் வலிக்கும். உள்ள வந்து எங்ககூட உக்காந்து எழுதுங்க."