பதினேழாம் ஸ்லைடு

"உயிரோட இருக்கீங்களான்னு ஒருத்தர்கிட்ட எப்படி மேடம் கேக்கறது?"

வானதி போனைக் கையில் எடுத்து, மறுபடி வைத்துவிட்டாள். தஞ்சாவூரில் அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் அவள் டெக்னீஷியன். எதிரே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த டாக்டர் சாஜிதா நிமிரவில்லை.

"அப்படியா கேப்பாங்க? ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம், ஒடம்பு எப்படி இருக்குன்னு கேளு."

"ஆளு இல்லேன்னா? எடுக்கறவங்க அழுவாங்களே மேடம்."

ஒன்பது வருஷத்துக்கு முன், வைரஸால் வரும் தொண்டைப் புற்றுக்கு அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களின் பழைய ஸ்லைடுகளை வைத்து ஓர் ஆராய்ச்சி. பட்டியலில் பெயர் கிடையாது. வரிசை எண்ணும் போன் நம்பரும் மட்டும்தான். முதலில் ஸ்லைடைப் பார்த்துக் குறித்துக்கொள்வது, பிறகு அந்த ஆள் இப்போது எப்படி என்று விசாரிப்பது.

நேற்று வரை வானதிக்கு இது வெறும் வேலை. இன்று காலையில் அவளுடைய அம்மா பூவம்மாளின் ரிசல்ட் வந்துவிட்டது. அதே தொண்டை, அதே வைரஸ்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றாள் சாஜிதா.

"ரேடியேஷன் கரண்டு வெச்சுக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்குது மேடம். இந்த வியாதி வந்து பொழச்ச ஒரே ஒரு ஆளக் கண்ணால காட்டு, வர்றேங்குது. நான் எங்க போவேன்? செத்தவங்களத்தான் ஊருக்கே தெரியும். பொழச்சவங்க யாரு வாயத் தொறந்து சொல்றாங்க? சொன்னா அவங்க கையால ஒரு வாய் தண்ணிகூட யாரும் வாங்கிக் குடிக்க மாட்டாங்க."

"திங்கக்கிழமை ஆரம்பிச்சே ஆகணும் வானதி. தள்ளக் கூடாது." சாஜிதா நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். "வா, இதப் பாரு. பதினேழாம் நம்பர்."

வானதி குனிந்தாள். ஊதாத் திட்டுகள் புற்று. அது அவளுக்குத் தெரியும். அந்தத் திட்டுகளைச் சுற்றியும், இடுக்கெல்லாமும், உள்ளே புகுந்தும், பொடிப்பொடியாகக் கருநீலப் புள்ளிகள். எண்ணி மாளாது. ஆயிரம் ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றியவள்தான், இருந்தும் அவளுக்குச் சிலிர்த்துவிட்டது.

"அந்தப் புள்ளியெல்லாம் ஒடம்போட எதிர்ப்பு அணுக்கள்," என்றாள் சாஜிதா. "வைரஸால வந்த புத்துங்கறதால, இது நம்ம வீட்டு ஆளு இல்லன்னு ஒடம்பு அடையாளம் கண்டுக்குது. வந்து வளைச்சுக்குது. இத்தன கூட்டம் வந்துட்டா மருந்தும் கரண்டும் நல்லாக் கேக்குது. எல்லாருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நெறைய பேரு பொழச்சுக்கறாங்க. உங்கம்மா ஸ்லைடும் இப்படித்தான் இருக்கு."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"அப்ப பதினேழுக்குப் போன் போடு. நீயே கேட்டுக்க."

கதவைத் திறந்துகொண்டு வாளியும் துடைப்பமுமாக அம்சம் வந்தாள். துப்புரவு வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நீடாமங்கலம் பக்கம் வயல் வேலை பார்த்தவள், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று இங்கே வந்துவிட்டாள். நாலு வார்த்தை பேசினால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். மத்தியானச் சோறு ரசத்தில் மிதக்க வேண்டும். "காவேரில தண்ணி வரலேன்னா உங்க பாட்டிலத்தான் தேடணும்க்கா" என்று வானதி கேலி செய்வது வழக்கம்.

"என்னம்மா, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் படம் பாக்கறீங்க? நானும் பாக்கலாமா?"

சாஜிதா சிரித்துக்கொண்டே எழுந்து இடம் விட்டாள். அம்சம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"யம்மாடி! இவ்வளவு பேரா? களை பறிக்க ஊரே எறங்குனாப்புல இருக்கே டாக்டரம்மா!"

"களை பறிக்கத்தான் எறங்கியிருக்காங்க அம்சம்."

"யாரு கூப்பிட்டது இவங்கள?"

"யாரும் கூப்பிடல. அந்த ஆளுக்கே தெரியாது. தானா வந்தவங்க."

அம்சம் மறுபடி குனிந்து பார்த்தாள். பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள். "ஒத்த ஆளுக்காக இத்தன பேரு வந்து நிக்கிறாங்கன்னா... கொடுத்து வெச்ச ஆளும்மா. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்." சொன்னதோடு நிற்கவில்லை. துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு கதவோரம் போய்த் தரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

வானதி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூடத்துப் போனில் பதினேழாம் நம்பருக்கு எதிரே இருந்த எண்களை அழுத்தினாள். அந்த ஆள் உயிரோடு இருந்தால் போதும். கையில் காலில் விழுந்தாவது அம்மாவிடம் கூட்டிப் போய்விடலாம்.

மணி அடித்தது. எடுங்க, யாராவது எடுங்களேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

கதவுப் பிடியில் மாட்டியிருந்த மஞ்சள் ஒயர்கூடைக்குள் ஒரு போன் அலறியது. அம்சம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதைத் துழாவி எடுத்தாள்.

"ஹலோ, யாருங்க?"

அந்தக் குரல் வானதியின் ஒரு காதில் போனிலிருந்தும், மறு காதில் கதவோரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது.