போதும் என்கிற புரதம்

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் விஞ்ஞானிக்கு எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சலூன் நாற்காலியில் சாய்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"நாளைக்கு மேடையில எனக்குப் பரிசு. நம்ம உடம்புல இருக்கிற ஒரு புரதத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினதுக்கு."

"அது என்ன சார் செய்யும்?"

"செல் ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். போதும்னு இந்தப் புரதம்தான் சொல்லணும். சொல்லலைன்னா அதுபாட்டுக்குப் பெருகிக்கிட்டே போகும். ஆளே காலி."

"அடடா. அது ஏன் சார் சொல்லாம விடுது?" என்றார் சலூன்காரர், கத்தரியை வைத்துவிட்டு மிஷினை எடுத்தபடி.

விஞ்ஞானி அதையும் விலாவாரியாக விளக்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். எதிரே ஒரு மொட்டைத் தலை அவரையே பார்த்தது.

"என்னய்யா இது?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும் வெட்டுன்னு உட்காரும்போது நீங்கதானே சார் சொன்னீங்க? நானும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். செல்லுக்குத்தான் சொன்னீங்க, எனக்குச் சொல்லவே இல்லையே."