ஆதாரம் எங்கே?

பழைய விடுதித் தீ விபத்தைப் பற்றி மகள் எழுதிய கல்லூரிக் கட்டுரையை, பேராசிரியரான அப்பா திருத்திக்கொண்டிருந்தார். ஒரு வரியில் பேனா நின்றது.

“‘கதவு வெளியே பூட்டியிருந்தது.’ இதுக்கு ஆதாரம் எங்கேம்மா? விசாரணை அறிக்கையில அப்படி இல்லையே.”

“அங்கே இருந்தவர் சொன்னதுப்பா.”

“உள்ளே இருந்தவங்க யாருமே பிழைக்கலையே! எவனோ கதை அளந்திருக்கான். பேரைச் சொல்லு, இல்லேன்னா இந்த வரியை அடிச்சிடுறேன்.”

சிறுவயதிலிருந்து இரவுகளில் பக்கத்து அறையிலிருந்து கேட்டு அவள் பயந்த குரல் காதில் ஒலித்தது.

“அப்போ விடுதிக் காப்பாளரா இருந்த நீங்கதான்ப்பா. ‘கதவைத் தட்டாதீங்க, சாவி என்கிட்டதான் இருக்கு, இதோ வந்துட்டேன்’னு தினமும் தூக்கத்துல அலறுறீங்களே.”

அப்பா அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு அடிக்குறிப்பில் தன் பெயரை எழுதினார்.