வலி நிறுத்திய சீசன்

இருபது வருடமாகச் சங்கிலிக் குண்டு எறிதலில் தூரம் அளக்கும் அருளப்பனுக்குத் தன் காலடித் தூரம் மட்டும் பிடிபட்டதே இல்லை. அன்றும் கால் தடுக்கி, கொதிக்கும் டீயைப் பேச்சிமுத்துவின் கையில் கொட்டிவிட்டார். இந்த சீசனில் மட்டும் ஆறு முறை உலக சாதனையை உடைத்த கை அது.

பேச்சிமுத்து கையை இழுக்கவே இல்லை. கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "டீ சூடோ அண்ணாச்சி?" என்று அவரையே கேட்டான்.

சீசன் தொடங்கும்போதே வீரர்களுக்கு வலியை நிறுத்திவிடுவது இப்போது வழக்கம்தான். அவன் தோள் வீங்க வீங்கத் தூரம் கூடியது; நாடாவைப் பிடித்தபடி முதலில் கைதட்டிய புண்ணியவானும் அருளப்பன்தான்.

"வலியை எப்ப சார் திருப்பிக் கொடுப்பீங்க?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"ஃபைனல் முடியட்டும்" என்றார் டாக்டர். பயிற்சியாளரோ அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

கொப்புளத்தில் மருந்து தடவியபடி அருளப்பன் பேச்சிமுத்துவிடமே கேட்டார்: "ஏலே, நாளைக்கு எறியாத. தோளப் பாருடே. வலிய எப்பத்தான் திருப்பித் தருவாவ?"

"போன வருசம் ஜெயிச்ச அண்ணனுக்குத் தந்தாவ, அண்ணாச்சி. ரெண்டு நிமிசம்தான். நிறுத்துங்கன்னு அவரே கதறிட்டாரு. இன்னும் நிறுத்தித்தான் வச்சிருக்காவ. நான் திருப்பிக் கேக்கவே போறதில்ல."