ஆறு பத்து வண்டி

மூடிய கேட்டின் முன்னால் அவள் தவித்தாள்.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன். தாண்டிப் போயிடறேன்."

"வண்டி வர்ற நேரம். விட முடியாது," என்றார் பச்சைக் கொடியோடு நின்றவர்.

"பொங்கிடும்ங்க."

"ஜப்பான் வண்டிம்மா. ஒரு நொடி பிசகாது."

வந்தது. சோபாவுக்கு அடியிலிருந்து முழ நீள ரயில் ஒன்று கிளம்பி, சமையலறை வாசலைக் கடந்தது. கொடியோடு நின்ற ஓய்வுபெற்ற கணவர் குனிந்து, கேட்டாகக் குறுக்கே வைத்திருந்த பென்சிலைத் தூக்கினார்.

பால் தீய்ந்த வாசனை அடித்தது. கணுக்கால் உயர கேட். ஒரே எட்டில் தாண்டியிருக்கலாம். ஏன் நின்றோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. திட்ட வாயெடுத்தவள், கடைசிப் பெட்டிக்குத் தன் கை டாட்டா காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"பால் போச்சு," என்றாள். "அடுத்த வண்டிக்கு நான்தான் கொடி பிடிப்பேன்."